தலையில் கோடு போட்ட ஒன்று

அந்த வருசங்களில் இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டுவேலை செய்த எங்கள் பெண்களுக்குச் சொந்தமாக இருந்தது வியாழக்கிழமைப் பின்நேரம் ஒன்றுதான். ஞாயிறும் ஓய்வுநாள்தான். ஆனால் அது பூசைக்கும், உறவினர் வீட்டுச் சமையலுக்கும், ஊருக்கு ரெலிபோன் எடுக்க வரிசையில் நிற்பதற்குமே சரியாகப் போய்விடும். வியாழனில் யாருக்கும் பங்கில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏப்ரனைக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டு, பொலிதேயாமாப் பக்கத்து மாடிவீடுகளிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். சிலர் சதுக்கத்துப் படிகளில் இருந்து கதைப்பார்கள். சிலர் வியா மக்வேதா வீதி நெடுகக் கடைக் கண்ணாடிகளில் சப்பாத்துப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். புனிதமலரும் யூலியானாவும் கணக்குச் செய்தார்கள்.

கால்சாப் பகுதியின் கடற்கரை ஓரத்தில், ராட்டினங்களுக்கு இந்தப் பக்கம், முதுகு உடைந்த ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அதுதான் அவர்களுடைய வகுப்பறை. ஆளுக்கொரு பாணுக்குள் சூடான கடலைமாப் பொரியலை வைத்து வாங்கிக்கொண்டு வந்து, எண்ணெய்க் கையைக் கடதாசியில் துடைத்துவிட்டுக் கொப்பியைத் திறப்பார்கள். கடற்காற்று பக்கங்களைப் புரட்டும். யூலியானா தன் செருப்பைக் கழற்றி ஒரு பக்கத்தின் மேல் வைத்துவிடுவாள். "சரஸ்வதி கோவிக்க மாட்டாவோ?" என்று அந்த வழியால் போன யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி ஒருநாள் கேட்டதற்கு, "எங்கட அந்தோனியாருக்குச் செருப்பிலை கோவமில்லை அக்கா" என்று பதில் சொன்னவள் அவள்.

புனிதமலர் மன்னார்க்காரி. தொண்ணூறாம் ஆண்டு தாதிப் பயிற்சிக்குத் தெரிவாகி, யாழ்ப்பாணம் போவதற்குப் பெட்டி அடுக்கி வைத்திருந்தாள். அந்த மாதம் சண்டை தொடங்கியது. அடுக்கிய பெட்டி அடுக்கியபடியே இருக்க, அது போய்ச் சேர்ந்த இடம்தான் மாறிவிட்டது. இப்போது தொண்ணூற்று நாலு. சின்யோரா நின்ஃபா என்ற எழுபத்தாறு வயது விதவையோடு, அவர் வீட்டிலேயே தங்கி வேலை செய்தாள். சின்யோரா அவளை மாலா என்றுதான் கூப்பிடுவார். முழுப்பெயர் அவர் நாக்குக்குப் படியவில்லை.

யூலியானா பக்கத்து ஊரான வங்காலைப் பிள்ளை. புனிதமலருக்கு நாலு வயது இளையவள். கணவன் விமலராஜ் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினான். அவள் கால்சாவில் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவித் துடைத்தாள். வாய்க்காரி. அந்த வாயால் இத்தாலிய மொழியைச் சந்தைக்காரிகளிடமிருந்தே அள்ளிக்கொண்டவள்.

நகரத்து ஆசுப்பத்திரி ஒன்றின் தாதிப் பள்ளியில், அந்த ஆண்டு பரீட்சை வைத்து வெளிநாட்டவர் ஒருவரைச் சேர்ப்பதாக அறிவித்திருந்தார்கள். ஒருவரைத்தான். அறிவித்தலைப் பங்குக் கோயில் கதவில் பார்த்த அன்றே இரண்டு பேரும் அதைக் கதைத்து முடித்துவிட்டார்கள்.

"ஒரு கதிரைதானக்கா. ரெண்டு பேரும் இருக்கேலாது" என்றாள் யூலியானா.

"அப்ப நீ போட்டி போடாதை."

"ஏன், நீங்கள் போடாதேங்கோவன்!"

சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. யூலியானா புனிதமலரின் இத்தாலிய மொழியைத் திருத்தினாள். புனிதமலர் யூலியானாவோடு கணக்கில் குந்தினாள்.

கணக்கில் அவர்களைப் பாடாய்ப் படுத்தியவை சுட்டிச் சமன்பாடுகள். ஓர் எண்ணை எத்தனை தரம் அதே எண்ணால் பெருக்கினால் இன்ன விடை வரும் என்று கேட்பார்கள். அடியில் இரண்டோ மூன்றோ இருந்தால் பயமில்லை, விரலிலேயே எண்ணிவிடலாம். அடியில் பின்னம் வந்து குந்தினால்தான் சனியன். மூன்றில் இரண்டைப் பெருக்கப் பெருக்க அது தேய்ந்துகொண்டே போகும். அதற்கு எட்டில் இருபத்தேழு என்று ஒன்றைவிடப் பெரிய விடை எப்படி வரும்? புனிதமலருக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பின்னத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். இரண்டில் மூன்றை மூன்று தரம் பெருக்கினால் எட்டில் இருபத்தேழு. கவிழ்த்த குற்றத்துக்காகச் சுட்டியின் குறியை மாற்றிவிட்டால் விடை சய மூன்று, அதாவது கழித்தல் மூன்று.

அதை எழுதி முடிக்கும்போதெல்லாம் அவளுக்கு மன்னார் கன்னியர் பள்ளியின் பத்தாம் வகுப்பு நினைவு வரும். பிரவுண் கடதாசி உறை போட்ட மடக்கை அட்டவணைகள், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டும்போது எழும் சரசரப்பு, முன்வாங்கில் இருந்த மாக்கிரட் எப்போதும் பிழையான வரியில் விரல் வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தது. அந்தக் காலத்தில் அது பரீட்சைக்கான பாடம் மட்டும்தான். பலெர்மோவில், கடலுக்கு முன்னால், பத்து வருசத்துக்கு மேல் கழித்து அதே வரிகளை எழுதியபோது, தொலைத்த வீட்டின் சாவி கையில் அகப்பட்டதுபோல இருந்தது அவளுக்கு.

யூலியானாவுக்கு இந்தக் கவிழ்க்கிற வித்தை பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மடக்கை அட்டவணையைத்தான் தூக்குவாள்.

"கவிட்டு நிமித்தி ஏன் கஷ்டப்படுவான்? அட்டவணையைப் பார், பிரி, எழுது. வேலை முடிஞ்சுது."

பரீட்சைக்கு முந்திய கடைசி வியாழன் அது. செப்ரெம்பர் மாதம், வெயில் இன்னும் இறங்கவில்லை. முந்திய வருசத்து வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை எடுத்தார்கள். உடம்புக்குள் போன மருந்து ஒவ்வொரு மணித்தியாலமும் நாலில் மூன்று பங்காகக் குறைகிறது. எவ்வளவு நேரத்தில் அது ஐந்தில் ஒரு பங்காகும்?

இதைக் கவிழ்த்துத் தீர்க்க முடியாது. இதற்கு மடக்கைதான் வேண்டும். புனிதமலர் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தபோதே யூலியானா பேனையை மூடினாள்.

"முடிஞ்சுது! நாப்பத்தொரு நிமிசம் சொச்சம்."

புனிதமலர் தன் விடையைப் பார்த்தாள். ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. பிறகு யூலியானாவின் கொப்பியை எட்டிப் பார்த்தாள். பார்த்த உடனேயே விளங்கிவிட்டது.

ஒன்றைவிடச் சிறிய எண்ணின் மடக்கையை அட்டவணையில் பார்த்து எழுதும்போது, முன்னால் நிற்கும் முழுவெண்ணின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். கோடு போட்ட அந்த ஒன்று மட்டும்தான் சய. அதற்குப் பின்னால் தசமத்தில் வரும் எண்களெல்லாம் சக, அதாவது கூட்டல். ஆகவே முதலில் ஒன்றிலிருந்து தசமத்தைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் சயவாக எடுத்துப் பிரிக்கவேண்டும். யூலியானா கோட்டைக் கண்டதும் முழுவதையுமே சய என்று எடுத்துப் பிரித்திருந்தாள். அதற்கு முன்னே உள்ள பக்கங்களைக் காற்று புரட்டியது. கடைசியாகச் செய்த எல்லாக் கணக்குகளிலும் அதே பிழை.

ஒரு மணித்தியாலம் போன பிறகும் நாலில் மூன்று பங்கு மருந்து உடம்பில் நிற்கும்போது, நாற்பது நிமிசத்தில் அது எப்படி ஐந்தில் ஒன்றாகும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

வாய்வரை வந்தது. வந்த வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள்.

"உங்களுக்கு என்ன விடையக்கா வந்தது?" என்று யூலியானா கேட்டாள்.

"நான் இன்னும் முடிக்கேல்லை" என்றாள் புனிதமலர். கொப்பியை மூடினாள். "நேரமாகுது. சின்யோரா தனிய இருப்பா."

நேரம் அப்படியொன்றும் ஆகியிருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது தனக்குத் தானே நியாயம் சொன்னாள். நான் பொய் சொல்லவில்லையே. அவள் கேட்கவும் இல்லையே. யூலியானாவுக்குக் கணவன் இருக்கிறான், வீடென்று ஒன்று இருக்கிறது, அடுத்த வருசமும் அவளுக்கு இருபத்தாறு வயதுதான். எனக்கு என்ன இருக்கிறது? நல்லதைச் செய்யாமல் தள்ளிப்போட நினைத்துவிட்டால், மனதுக்கு எத்தனை நல்ல நல்ல காரணங்கள் அகப்படுகின்றன! அன்று மாலை சின்யோராவோடு செபமாலை சொல்லும்போது ஒரே மணியில் இரண்டு தரம் நின்றாள். "மாலா, தூங்குகிறாயா?" என்று சின்யோரா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு அவள் பிந்திப் போனாள். கோயில் நிறைந்திருந்தது. சுவரோரத்தில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாலாவது வாங்கில் யூலியானா தன் கைப்பையைப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "ஆள் வருகுது, ஆள் வருகுது" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். புனிதமலரைக் கண்டதும் பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"எங்கை நிண்டனீங்கள்? இராயப்பு மாமாவின்ரை பெண்சாதி என்னை முறைச்ச முறைப்பிலை நான் பாதி வெந்துபோனன்."

புனிதமலர் இருந்தாள். வாங்கு அந்த இடத்தில் இளஞ்சூடாக இருந்தது.

பூசை முடிந்ததும் யூலியானா ஒரு மடித்த கடதாசியை நீட்டினாள். நான் ஏன் தாதியாக விரும்புகிறேன் என்று பரீட்சைக்காகப் புனிதமலர் எழுதிப் பழகிய கட்டுரை அது. திருத்துவதற்குக் கொடுத்திருந்தாள்.

"சனிக்கிழமை முழுக்க இதோடைதான். இவர் சோறு கேட்டவர், பாணைத் தின்னுங்கோ எண்டிட்டன்."

"அவ்வளவு பிழையோடி?"

"பிழை கனக்க. ஆனா பெட்டி அடுக்கின கதையை எழுதியிருக்கிறீங்களே, அந்த இடத்தை நான் தொடேல்லை. இலக்கணத்தை மட்டும் எடுத்தன். வாசிக்க எனக்கே ஒரு மாதிரிப் போச்சுது." பிறகு சிரித்தாள். "இதை வாசிச்சா அந்தத் தாதிப் பள்ளிக் கன்னியாஸ்திரிமார் உங்களுக்குத்தான் கதிரையைத் தருவினம். நான் கணக்கிலைதான் பிடிக்கவேணும்."

"யூலி…" என்று புனிதமலர் தொடங்கினாள்.

"மலரக்கா, இவளை விடுங்கோ, பஸ் போகப்போகுது!" என்று வாசலில் நின்று விமலராஜ் கத்தினான். யூலியானா ஓடிவிட்டாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள் என்பது புனிதமலருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வேலைக்குள் கரைந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவள் அந்தக் கடதாசியை விரித்துப் பார்த்தாள். யூலியானா நீல மையால் திருத்தியிருந்தாள். ஒரு சொல்லைக் கூடக் கிறுக்கி வெட்டவில்லை. பிழையான எழுத்தின் மேல் சரியானதை மெல்ல எழுதி, சந்தேகமான இடங்களில் ஓரமாக இரண்டு வழியும் கொடுத்து, எது நல்லதென்று புள்ளி வைத்திருந்தாள். தனக்கு எதிராகப் பரீட்சை எழுதப் போகிறவளுக்குத்தான் அவள் இதைச் செய்திருந்தாள். புனிதமலர் கடதாசியை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். நாளைக்குப் பரீட்சை.

அன்று பின்நேரம் சின்யோராவின் தங்கை காப்பிக்கு வருவதாக இருந்தது. சின்யோராவின் தலையைக் கழுவியாகிவிட்டது, இனி அதை வாரிவிட வேண்டும், வெள்ளிக் கரண்டிகள் துடைக்க வேண்டும். புனிதமலர் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"சின்யோரா, எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்."

"இன்று வியாழனா?"

"செவ்வாய்தான். ஒரு பிழையைத் திருத்தப் போகவேண்டும்."

"உன் பிழையா, வேறு யாருடையதா?"

புனிதமலர் யோசித்தாள். "இரண்டும்."

சின்யோரா தன் ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டார். "என் தங்கை என்னை இந்தக் கோலத்தில் பார்த்தால் ஒரு வருசத்துக்குச் சிரிப்பாள். போ, போ. சிரிக்கட்டும்."

வியா மக்வேதாவில் அவள் ஒரு கண்ணாடியையும் பார்க்கவில்லை. நாற்சந்தியில் கடல் பக்கம் திரும்பி, யூலியானாவின் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறினாள். விமலராஜ் பெனியனோடு கதவைத் திறந்தான்.

"மலரக்கா! நாளைக்கெல்லோ பரீட்சை? இண்டைக்கே ஓடி வந்திட்டீங்கள்."

"யூலி எங்கை, தம்பி?"

"வேலைக்குப் போட்டாள். பின்னுக்கு, அந்த மஞ்சள் கட்டடம். போய்ப் பாருங்கோ, வாளியோடை நிண்டு கணக்குப் பாடமாக்கிறாள். நேற்று என்னட்டையும் கேக்கிறாள், ஒண்டின்ரை மடக்கை என்னெண்டு. அது நிமிந்தெல்லோ நிக்குது, ஏன் மடக்குவான் எண்டு நான் சொன்னன்" என்று அவன் தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

மஞ்சள் கட்டடத்தின் உள்ளே குளிர்ந்த இருட்டும் சவர்க்கார மணமும். யூலியானா இரண்டாம் மாடித் திருப்பத்தில் முழங்காலில் நின்று பளிங்குப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மினுக்குகிற வெள்ளைப் பவுடர் படியெங்கும் தூவிக் கிடந்தது.

"அக்கா! ஆருக்கும் ஏதும்…?" அவள் முகம் மாறிவிட்டது. ஊரில் சண்டை நடந்த அந்த நாட்களில் எதிர்பாராமல் ஓடி வருகிறவர்களைக் கண்டால் எங்கள் எல்லோர் முகமும் அப்படித்தான் மாறும்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. கணக்கொண்டு."

"கணக்கோ? ஐயோ அக்கா, என்ரை நெஞ்சு நிண்டு போச்சுது!"

புனிதமலர் பக்கத்துப் படியில் குந்தினாள். பவுடரில் விரலால் எழுதினாள். ஒன்று, அதன் தலையில் ஒரு கோடு, பிறகு தசமம், எண்கள்.

"இது என்ன?"

"கோடு போட்ட ஒண்டு, தசம் எட்டு ஏழு ஐஞ்சு ஒண்டு. நாலிலை மூண்டின்ரை மடக்கை."

"இதிலை எது சய?"

"எல்லாம்தான்."

"இல்லை யூலி. கோடு எதின்ரை தலையிலை நிக்குது?"

"ஒண்டின்ரை தலையிலை."

"அப்ப ஒண்டு மட்டும்தான் சய. பின்னாலை வாறதெல்லாம் சக. ஒண்டிலை இருந்து இதைக் கழி. என்ன மிஞ்சுது? அது மட்டும்தான் உனக்குச் சய."

யூலியானா தூரிகையைக் கீழே வைத்தாள். ஈர விரலால் அவளும் எழுதினாள். கழித்தாள். ஐந்தில் ஒன்றையும் அதேமாதிரிக் கழித்தாள். பிரித்தாள். பவுடர் போதாமல் மேல் படிக்குப் போனாள். ஐந்தரை மணித்தியாலம் வந்தது.

"நாப்பது நிமிசம்!" என்று நெற்றியில் அடித்தாள். நெற்றியில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. "ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகே முக்கால்வாசி நிக்குமெண்டு சொல்லியிருக்க, நான் நாப்பது நிமிசத்திலை ஐஞ்சிலொண்டாக்கியிருக்கிறன்! அக்கா, இதைப் படிப்பிச்ச மாசம் நாங்கள் மடுக்கோயிலிலை அகதியா இருந்தம். பத்தாம் வகுப்பிலை. பள்ளிக்கூடம் திறந்து வரேக்கை அடுத்த பாடம் தொடங்கிட்டினம். கோட்டைக் கண்டா சய எண்டு நானா எடுத்துக்கொண்டன்."

எங்கள் பிள்ளைகள் எல்லோருடைய படிப்பிலும் இப்படி ஓர் ஓட்டை இருந்தது. ஒவ்வொருவரும் ஓடிய மாதத்தில் எந்தப் பாடம் நடந்ததோ, அந்தப் பாடத்தில். புனிதமலர் பத்தாம் வகுப்புப் படித்தது அமைதியான வருசத்தில்; அவளுக்கு அந்தப் பாடம் கிடைத்ததற்கு அதைத்தவிர வேறு கெட்டித்தனம் எதுவுமில்லை. இது அந்தப் படியில் இருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யூலியானா எழுதுவதை நிறுத்தினாள்.

"வியாழக்கிழமை என்ரை கொப்பியை எட்டிப் பாத்தனீங்களெல்லோ?"

"ஓம்."

"அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தம் மாடி மாடியாக ஏறி வந்து அடங்கியது. யூலியானா தூரிகையை எடுத்து வாளிக்குள் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைக் கலக்கினாள். புனிதமலருக்கு எழுந்து போய்விடவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையும் சொல்லேல்லை" என்றாள் யூலியானா.

"சொல்லேல்லை. எனக்கு அந்தக் கதிரை வேணுமா இருந்தது, யூலி."

"எனக்கும்தான்." இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரைக் கலக்கினாள். "உங்கட கட்டுரையைத் திருத்தேக்கை, அந்தப் பெட்டி அடுக்கின இடம் வந்தது. ஒரு சொல்லைப் பிழையாவே விட்டிட்டா என்ன எண்டு நினைச்சனான். நினைச்சிட்டு, எனக்கே வெக்கமாப்போய் எழும்பித் தேத்தண்ணி குடிச்சன்."

புனிதமலர் அவளைப் பார்த்தாள்.

"நான் தேத்தண்ணியோடை முடிச்சன். நீங்கள் அஞ்சு நாள் எடுத்தனீங்கள். வயசு போன ஆக்கள் எல்லாத்துக்கும் ஆறுதல்தான்" என்றாள் யூலியானா. அவள் குரலில் பழைய குறும்பு மெல்ல ஏறிவிட்டது. "சரி, எழும்புங்கோ. எழுதின படியெல்லாம் ஆர் கழுவுறது? அந்தத் துணியை எடுங்கோ."

இரண்டு பேருமாகத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். துடைக்கத் துடைக்க யூலியானா ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு வாயால் செய்தாள். புனிதமலர் சரி பார்த்தாள்.

மறுநாள் பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. எண்கள்தான் வேறு, மூன்றில் இரண்டாகக் குறைகிற மருந்து, பத்தில் ஒன்றாக வேண்டும். மண்டபத்தின் அந்தப் பக்கம் இருந்த யூலியானா தலையைத் தூக்கி அவளைத் தேடியதைப் புனிதமலர் கண்டாள். கண்டதும் குனிந்துகொண்டாள், சிரிப்பு வந்துவிடும் என்று.

ஒக்ரோபரில் பெறுபேறு வந்தது. ஆசுப்பத்திரி வளவுக்குள் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கடதாசி. வெளிநாட்டவர் வரிசையில் முதலாவது யூலியானா. இரண்டாவது புனிதமலர்.

யூலியானா துள்ளவில்லை. கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றாள்.

"அக்கா, உங்கட இடத்தை நான்…"

"போடி விசரி." புனிதமலர் அவளைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். நெஞ்சுக்குள் வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல அவள் புனிதையில்லை. ஆனால் அந்த வலி சுத்தமாக இருந்தது. அன்று வியாழக்கிழமை கடற்கரையிலிருந்து நடந்துபோனபோது கூடவே வந்ததே, அந்தக் கசப்பு இதில் இல்லை. "விமலைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நன்றிப் பூசைக்குக் குடு. நல்லாப் படி. என்னைக் கண்டால் ஊசி குத்தப் பழகாதை, அவ்வளவுதான் கேக்கிறன்."

யூலியானா அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது சின்யோரா வாசல் நடையிலேயே கதிரை போட்டு, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவ்வளவு நேரமும் கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"என்ன ஆயிற்று, மாலா?"

"எங்களுக்குக் கிடைத்துவிட்டது, சின்யோரா."

சின்யோரா கைத்தடியை இறுகப் பிடித்தார். "நல்லது" என்றார். "நல்லது. நீ நல்ல தாதியாக இருப்பாய்." சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. "எப்போது போகவேண்டும்?"

"நான் போகவில்லை. யூலியானாவுக்குக் கிடைத்தது."

"எங்களுக்கு என்றாயே!"

அப்படித்தான் வாயில் வந்திருந்தது. ஏன் வந்தது என்று புனிதமலருக்கு அப்போது யோசிக்க நேரமிருக்கவில்லை. சின்யோரா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். முகத்தில் மகிழ்ச்சி பளிச்சென்று ஏறியது. அடுத்த கணமே அது அப்படியே சரிந்து, பிடிபட்ட பிள்ளையின் முகமானது.

"மாலா, நான் ஒரு பாவம் செய்தேன்."

"என்ன பாவம்?"

"எங்கள் ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் கேட்டேன், உனக்குக் கிடைக்கக்கூடாது என்று. நீ பரீட்சைக்குப் போன அன்றே. தங்கையை அனுப்பி மெழுகுதிரியும் கொளுத்துவித்தேன்."

புனிதமலர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய மெழுகுதிரியா, சின்யோரா?"

"பெரியது" என்றார் சின்யோரா, தலையைக் குனிந்து.

புனிதமலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நடையின் தரையில் குந்தியிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து தேங்கியிருந்த கண்ணீரும் அதோடு சேர்ந்து வந்தது. சின்யோரா முதலில் பயந்தார். பிறகு அவரும் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

"நீ என்னை மன்னிப்பாயா?"

"நானும் ஐந்து நாள் இதே கேள்விக்குள்தான் இருந்தேன், சின்யோரா. என்னை அவள் ஒரு வாளித் தண்ணீர் கலக்குகிற நேரத்துக்குள் மன்னித்துவிட்டாள்."

சின்யோராவுக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்தவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. சின்யோரா மூக்கைச் சிந்தினார். கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடுத்த வருசமும் பரீட்சை வைப்பார்கள்தானே? நான் ரொசாலியாவிடம் போய் மாற்றிச் சொல்கிறேன். அதுவரைக்கும் வியாழக்கிழமை நீ மத்தியானம் வரை நிற்கவேண்டாம். காலையிலேயே போ. போய்ப் படி."

"காலைக் காப்பி?"

"நானே போடுவேன்."

"உங்களுக்குப் போடத் தெரியாதே."

"எனக்கு எழுபத்தாறு வயதுதான் ஆகிறது" என்றார் சின்யோரா ரோசத்தோடு.

அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்குப் புனிதமலர் கொப்பியையும் அட்டவணையையும் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே காப்பிப் பானையின் மூடி தரையில் விழுந்து உருளும் சத்தமும், சின்யோரா அதைப் பலெர்மோ நகரத்துக்கே கேட்கும்படி திட்டுகிற சத்தமும் முற்றம்வரை வந்தன. அவள் ஒரு காலை மேல்படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"போ!" என்றது யன்னல். "நான் சமாளிப்பேன், போ!"